எனக்கு ஷாக் அடிக்காத நாள்

தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பிய ஆள் நான். அந்த நம்பிக்கையின் பலன், இன்றும் என் வலது மணிக்கட்டு முழுசாக மடங்குவதில்லை.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்த புதிது. வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எனக்கு ஒடியா தெரியாது. (இந்தி தெரியும் என்று இன்டர்வியூவில் சொல்லியிருந்தேன். அவர்களுக்கும் இந்தி அரைகுறை என்பதால் பொய் பத்திரமாக இருந்தது.) மூன்று மாதம் இங்கிலீஷ் போஸ்டரைக் காட்டி வகுப்பெடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். "சாமி, இன்னைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. இவிங்களக் கேள்வி கேப்பாரு. பதில் வரலீன்னா நீ அப்படியே ஊட்டுக்குப் போயிக்கலாம்."

எனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். (வேலையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்திருந்தார்கள்.)

இன்ஸ்பெக்டர் பத்துப் பேரை நிறுத்தி, "கரண்ட் அடிச்சா என்ன செய்வீங்க?" என்றார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நடித்துக் காட்டிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பள்ளி ஆண்டு விழாவில் நடிப்புக்குச் சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான். நின்றிருந்த மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு "ஆ" என்று அலறி, உடம்பை உதறினேன். கண் மேலே சொருகியது தத்ரூபமாக இருந்ததாக மேனேஜரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

சட்டென்று மில் முழுக்க நின்றுபோனது. யாரோ மெயினை அணைத்துவிட்டார்கள். நடிப்பு என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை வரவில்லை. அதற்குள் மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்து அடித்தவள் சுமித்ரா, வேலைக்குச் சேர்ந்து எட்டு நாளான ஒல்லிப் பெண். கையில் ஒட்டடைக் கம்பு. வலியில் நிஜமாகவே அலறினேன். ஆகவே இன்னும் பலமாக அடித்தாள். பதற்றத்தில் மெஷினை விடவும் எனக்குத் தோன்றவில்லை.

மில் திடீரென்று நின்றதில் அறுந்த நூலையெல்லாம் எடுத்து ஒட்ட சாயங்காலம் ஆனது. மேனேஜர் என்னை விரட்ட வாயைத் திறக்கும்போதே இன்ஸ்பெக்டர் சொன்னார். "முதல்ல மெயின், அப்புறம் காஞ்ச கம்பு. தொடவே இல்ல பாருங்க! பிரமாதமாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

நான் அந்தப் பாடத்தை இன்னும் எடுத்திருக்கவே இல்லை. தலையாட்டினேன்.

சுமித்ராவின் அண்ணன் ஊரில் மோட்டார் போடப் போய்க் கரண்ட் அடித்து இறந்தவன் என்று அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி அப்புறம் சொன்னார். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த யாருக்கும் மெயினை அணைக்கத் தோன்றவில்லையாம். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒடியாவில் அவள்தான் வகுப்பெடுத்தாள். பின்னால் உட்கார்ந்து தலையாட்டியது நான்.

மாவுக்கட்டோடுதான் தாலி கட்டினேன். ஒரு முடிச்சு போடுவதற்குள் உயிர் போய்விட்டது, மிச்சத்தை அக்கா போட்டாள். இப்போதும் முதுகு வலி, பல் வலி என்று நான் முனகினால் போதும், சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்.

"ஏனுங்க, நெசமாலுமா, நடிப்புங்களா? சொல்லிப்போடுங்க, கம்பு எடுத்துட்டு வாரேன்."