பதினாலு தாண்டினா ஸ்பேனரைத் தொடாதே

ரோபோ விஷயத்தைப் பத்தி யாருகிட்டயும் வாயே தொறக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஆத்திரம் தாங்கல, அதான் உங்ககிட்ட சொல்றேன்.

நான் பிராங்கிளின். காசிமேட்டுல போட் இன்ஜின் மெக்கானிக். எம் பொண்ணு ஷிஜியோட பள்ளிக்கூடத்துல, ரோபோ போட்டிக்குக் கூட வர வாத்தியார் இல்லைன்னு கைய விரிச்சிட்டாங்க. பள்ளிக்கூடம் வரலைன்னா தெருப் பசங்களே டீம் சேரலாமாம். வழிகாட்டியா ஒரே ஒரு பெரியவங்க இருந்தா போதுமாம். ஒருத்தர்னா யாரு? ராயபுரத்துல யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கைகாட்டுவாங்க.

ஆனா என் பொண்டாட்டி ஷைனி ஃபாரத்துல வழிகாட்டின்னு தன் பேரையே எழுதிட்டா.

"இன்னாமே இது? மிக்ஸியில ஜார் மாட்டவே உனக்கு நான் வரணும்!"

"அதாலதான்யா. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கை வைக்க மாட்டேன். ஒம்போதுலேர்ந்து பதினாலு வயசுப் பசங்கதான் ரோபோவைத் தொடணும்."

"ஒரு நட்டு டைட் பண்ணா?"

"டீமே அவுட்டு. உனக்கு நாப்பத்தேழு."

"மனசு பதினாலுதாமே!"

"கார்ப்பரேஷன்ல சர்டிபிகேட் வாங்கிக்கினு வா."

ஷிஜிக்கு ஜனவரி வந்தா பதினஞ்சு. இந்த வருசம் விட்டா அப்பால கெடையாது. அது மூஞ்சியப் பாத்து, மாதா மேல சத்தியமா தொடமாட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். "மாதாவை இதுல மாட்டி வுடாதே"ன்னுட்டா ஷைனி.

பசங்க பண்ண ரோபோவை எங்க வூட்டு டீவி பக்கத்துல வெச்சிருந்தாங்க. பந்தைப் பொறுக்கி டப்பாவுல போடணும், அதான் போட்டி. மறுநாள் காலையில ஷைனி வேலைக்குக் கெளம்பறப்போ சொன்னா, "யோவ், அதோட வலது கை லூசா கீது. தொட்டுடாதே!"

லூசா கீதா? லூசு நட்டு வூட்டுல இருந்தா எனக்குச் சோறு எறங்காதே! மத்தியானம் வூட்டுல ஆளில்லை. ஒரே ஒரு திருகு. அவ்ளோதான்.

அடுத்த நாள், "சக்கரம் ஒரு பக்கமா இழுக்குதுய்யா. கிட்டப் போவாதே!"

போனேன். அதுக்கடுத்த நாள் ஸ்பிரிங்கு. அப்பால மோட்டாரு. பதினஞ்சு நாளு சோறு துன்னாம வேலை பாத்தேன். பந்து பொறுக்க வேண்டிய ரோபோ டீப்பாயைத் தூக்குச்சு!

போட்டியன்னிக்குக் காலையில அத்த நானே தூக்கிக்கினு ஆட்டோவாண்ட போனேன். பக்கத்து வூட்டு தாஹிரா வாசல்லேர்ந்து ஷிஜியும் மூணு பசங்களும் வந்தாங்க. கையில வேற ஒரு ரோபோ! கோணலா, ஒடம்பெல்லாம் டேப்பு ஒட்டிக்கினு.

"இன்னா ஷிஜி இது?"

"எங்க ரோபோ டாடி. தாஹிரா ஆன்ட்டி வூட்டு மொட்டை மாடியில பண்ணோம்."

"அப்போ இது?"

"அதுவா? மொதல்லயே சரியா வரலைன்னு தூக்கிப் போட்டோமே!"

ஷைனியப் பாத்தேன். அவ ஆட்டோக்காரருகிட்ட பேரம் பேசிக்கினு இருந்தா.

போட்டி ஹால்ல கோணல் ரோபோ எட்டுப் பந்து பொறுக்கிச்சு. ஜட்ஜம்மா ஷிஜியக் கேட்டாங்க, "பெரியவங்க யாராவது கை வச்சாங்களா?"

"இல்ல மேடம்." கண்ணு கூட சிமிட்டல. பொய் இல்லையே, இன்னாத்துக்கு சிமிட்டணும்? நாலு பேரையும் அடுத்த ரவுண்டுக்கு எடுத்துட்டாங்க. எனக்கு சந்தோஷம் ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம்.

அப்பால அந்தம்மா ஷைனியப் பாத்தாங்க. "வழிகாட்டியா நீங்க என்னம்மா பண்ணீங்க?"

ஷைனி என்னைக் கை காட்டினா.

"பசங்களுக்கு ஒண்ணும் பண்ணல மேடம். அதோ நிக்கறாரே, அவருக்கு வெளையாட ஒரு ரோபோ குடுத்தேன்."