நாலெல்லை சாரின் கோப்புகள்

தாம்பரத்தில் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னால்கூட, நேரில் போய்ப் பார்த்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார் நாலெல்லை சார். அவருடைய சொந்தப் பெயர் ரப்பர் ஸ்டாம்பில் இருந்தது. ஸ்டாம்பில் மை எப்போதும் காய்ந்தே இருந்ததால் எங்களில் யாரும் அதை முழுசாகப் படித்ததில்லை.

நிலப் பத்திரம் பார்த்திருப்பீர்கள். வடக்கே இன்னார் மனை, கிழக்கே இருபதடிச் சாலை என்று நாலு எல்லையும் சொன்னால்தான் அந்த நிலம் பூமியில் இருப்பதாகப் பத்திரம் ஒப்புக்கொள்ளும். சார் அந்த விதியைப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டீக்கடையில் "அந்த வடை" என்று கை நீட்ட மாட்டார். "வடக்க போண்டா, கிழக்க பஜ்ஜி, தெற்க கண்ணாடி, மேற்க ஒரு ஈ. நடுவுல இருக்கறதக் குடுங்க" என்பார். பல் டாக்டரிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார். டாக்டர் நாற்காலியைச் சுழற்றிவிட்டதில் திசை மாறிப்போய், நல்ல பல் ஒன்று உயிரை விட்டது. "டாக்டர் மேல தப்பில்ல தம்பி. நாற்காலிய நகத்தினப்புறம் நான் எல்லைய திருத்தி எழுதல" என்று வீங்கிய கன்னத்தோடு என்னிடம் சொன்னார்.

நாங்கள் இருவரும் சொத்து மதிப்பீட்டாளர்கள். நீங்கள் வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீடு என்ன பெறும் என்று பார்த்துவர வங்கி அனுப்புகிற ஆட்கள். ஓரிடத்தில் உட்கார விடாத தொழில். காலையில் திருநீர்மலை அடிவாரம், மத்தியானம் மேடவாக்கம், சாயங்காலம் கோவளத்தில் உப்புக் காற்று தின்ற ஒரு கதவு. பைக் சூடு ஆறுவதற்குள் அடுத்த கேட், அடுத்த நாய். யாருடைய வீட்டிலும் நாங்கள் விருந்தாளி இல்லை. அதைவிட, எங்களுக்குள்ளேயே நாங்கள் யாருக்கும் யாரும் இல்லை. ஒரே மனைக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் போய் வந்திருப்போம். சாலையில் எதிரே பார்த்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வோம். பேசினால் வேலையைத் தட்டிப் பறித்துவிடுவான் என்று பயம்.

பேசிக்கொண்ட ஒரே இடம் இணையத்தில் இருந்த ஒரு கலந்துரையாடல் குழு. வாட்ஸ்அப்புக்கு முந்தைய காலத்துச் சத்திரம். "கிளை மேலாளர் மதிப்பை ஏத்திப் போடச் சொல்கிறார், என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்பார். "போடாதே" என்று முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதுவார். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மறுநாள் வங்கிப் படியேறியவர்கள் உண்டு.

நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை, மேற்குத் தாம்பரத்தில் நான் ஒண்டியாக வைத்திருந்த அறை வாசலில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. ஒரு மேஜை இறங்கியது. பின்னாலேயே, அன்று எனக்கு முன்பின் தெரியாத நாலெல்லை சார் இறங்கினார். "குரோம்பேட்டைல ஆபீஸ் வச்சிருந்தேன். அங்க காத்து சரியில்ல. பாதி வாடகை நான் தரேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மேஜை என் மேஜைக்கு மேற்கே உட்கார்ந்துவிட்டது. எங்கள் அறையில் ஜன்னலே கிடையாது. காற்றுக்காக இங்கே வந்த மனிதரை நான் பல வருஷம் கிறுக்கு என்றே வைத்திருந்தேன்.

அந்த இணையக் குழுவை நடத்திவந்த நிறுவனம் சில வருஷம் கழித்து ஒருநாள் அறிவித்தது: மாதக் கடைசியோடு பழைய உரையாடல்கள் அனைத்தும் அழிக்கப்படும். பிற்பாடு எங்களுக்கென்று முளைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். அதற்கு இரண்டு ரோஜாப்பூவும் ஒரு காலை வணக்கமும் பதிலாக வந்தன.

நாலெல்லை சார் மட்டும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பது தேசிய கீதத்துக்கும் மின்வெட்டுக்கும் மட்டும்தான்.

"எல்லாத்தயும் பிரிண்ட் போடணும்."

"பென் டிரைவ்ல போட்டுக்கலாமே சார்."

"பென் டிரைவ கைல வச்சிக்கிட்டு எது வடக்குன்னு சொல்லு பாப்போம்."

அந்த மாதம் முழுக்க எங்கள் பிரிண்டர் இருமியது, காறியது, ஒருநாள் புகைவிட்டு ஓய்ந்தது. சார் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்குக் குடிபோனார். கடை அக்கா மூன்றாம் நாளே இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா சார், தாம்பரத்தயே ஜெராக்ஸ் எட்த்து வேற எங்கியாச்சும் நட்டுக்கப் போறியா?"

"இன்னும் கொஞ்சம்தாம்மா."

"காத்தாலேர்ந்து அதான் சொல்லிகினு கீற. மிசினு மூச்சு வாங்குது. நீ வாங்கல."

நான் பாதி நாள் வேலைக்கு ஓடினேன், பாதி நாள் அவருக்காக ஓடினேன். நாளுக்கு நாள் தேதி நெருங்கியது. ரயில் வருவதற்கு முன் தண்டவாளம் நடுங்குமே, அப்படி ஒரு நடுக்கம் எனக்குள். கடைசி நாள் பிற்பகல் கடைசித் தாளும் வந்தது. மறுநாள் குழுவைத் திறந்தால் வெள்ளைத் திரை. இத்தனை பேர் இத்தனை வருஷம் பேசிய இடத்தில் ஒரு எச்சில் டம்ளர்கூட மிச்சமில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் செய்திருந்த காரியம் எனக்குத் தெரிந்தது. தாள்களை அவர் தேதிப்படி அடுக்கவில்லை. பொருள்படியும் அடுக்கவில்லை. நிலப்படி அடுக்கியிருந்தார். ஊர், ஊருக்குள் சர்வே எண். கட்டடத் தேய்மானம் பற்றிய மாபெரும் சண்டை மேடவாக்கம் கோப்பில் இருந்தது, சண்டையை ஆரம்பித்தவர் வீடு அங்கே என்பதால். பிரிண்டர் மை எங்கே மலிவு என்ற கேள்வி, கேட்டவர் அன்று கோவளத்தில் இருந்ததால், கடலோரம் கிடந்தது. ஒரு தீபாவளி வாழ்த்து திருநீர்மலை ஏறியிருந்தது.

ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். "தேதி போட்டு அடுக்க வேண்டாமா சார்? இதுல எவன் எதத் தேடுவான்?"

"தேதி ஓடிப்போயிடும் தம்பி. நிலம் எங்க போவும்?"

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஸ்டெல்லா மேடம் எங்கள் அறைக்கு வந்தார். சேலையூர்க்காரர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அளவு டேப்பை மடிக்கும்போதுகூட ஓரம் பிசகாமல் மடிப்பவர். அன்று கையிலிருந்த கடிதம் கசங்கியிருந்தது. கோவிலம்பாக்கத்தில் அவர் முன்பு மதிப்பிட்ட ஒரு மனையில், கடன் கொடுத்த பிறகு, நடுவில் அரசு வாய்க்கால் போவது தெரியவந்திருக்கிறது. வாய்க்காலை அவர் மறைத்துவிட்டார், பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் வங்கியின் பட்டியலிலிருந்து நீக்குவோம் என்றது கடிதம். ஒரு வங்கி நீக்கினால் மற்ற வங்கிகளும் நீக்கும். அத்தோடு தொழிலும் போய்விடும், பெயரும் போய்விடும்.

"நான் எழுதினேன் சார். அஞ்சாம் பக்கத்துல, வாய்க்கால் இருக்குன்னு. அவங்க ஃபைல்ல அந்தப் பக்கம் இல்ல. என் கம்ப்யூட்டர் வெள்ளத்துல போச்சு. அப்ப குரூப்ல கூட கேட்டேன், இந்த மாதிரி இருக்கு, பிராஞ்ச்ல வேண்டாங்கறாங்க, எழுதலாமான்னு."

"என்னிக்கு மேடம்?" என்றேன் நான்.

"அது ஞாபகம் இல்லியே."

"எந்த எடம்?" என்றார் சார்.

மேடம் சர்வே எண்ணைச் சொன்னார். சார் அலமாரியின் தென்கிழக்கு மூலைக்குப் போய், ஒரு கோப்பை உருவி மேஜையில் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலேயே ஸ்டெல்லா மேடத்தின் கேள்வி இருந்தது, தேதியோடு.

அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதன் அடியில் இன்னொன்று.

வேறு வேறு வருஷம், வேறு வேறு ஆட்கள், அதே சர்வே எண். "இந்த மனையில் வாய்க்கால் தெரிகிறது, எழுத வேண்டாம் என்கிறார்கள்." மேடத்தோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேர். தேதிப்படி அடுக்கியிருந்தால் ஐந்தும் ஐந்து மூலையில் கிடந்திருக்கும். அந்த வாய்க்காலைப் பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று ஐந்து பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டெல்லா மேடம் அந்தத் தாள்களைத் தொடவில்லை. உட்கார நாற்காலி கேட்டார்.

மற்ற நால்வரையும் அழைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "பேங்க்க பகைச்சுக்கச் சொல்றியா மச்சான்? எனக்கு ரெண்டு பசங்க" என்றார் ஒருவர். "அந்தம்மா போனா அந்த வேலையெல்லாம் நமக்குத்தானே வரும்" என்று சிரித்தார் இன்னொருவர். போனை நான் நீட்ட, சார் வாங்கினார். "நாளைக்கு உனக்கு இதே லெட்டர் வரும். அன்னிக்கு உன் பேப்பர எந்தக் கோப்புல தேடறது, இப்பவே சொல்லு" என்று வைத்துவிட்டார்.

வங்கியின் வட்டார அலுவலகத்துக்கு, மறுநாள், நால்வரும் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதே அன்றுதான். அதிகாரி கோப்பிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"மேடத்த மட்டும்தானே கூப்பிட்டோம். நீங்கள்லாம் யாரு?"

"இந்த நிலத்துல கால் வச்சவங்க" என்றார் சார். "மேடத்துக்கு வடக்க ஒருத்தர், தெற்க ஒருத்தர், கிழக்க ஒருத்தர், மேற்க ஒருத்தர். சரி பாத்துக்கங்க."

அதிகாரி ஐந்து தாள்களையும் படித்தார். தன் கோப்பைப் புரட்டினார். நாலாம் பக்கத்துக்கு அடுத்து ஆறாம் பக்கம் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு எல்லோருக்கும் காபி சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்று தெற்குப் புறநகரில் எந்த மனைக்குப் போனாலும், போவதற்கு முன் எங்களுக்குள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். மேலாளர் அழுத்தினால் ஐந்து போன் அடிக்கிறது. ரோஜாப்பூக்கள் குறைந்துவிட்டன.

நாலெல்லை சார் போன தை மாதம் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார். மேஜையையும் கோப்புகளையும் எனக்கே விட்டுவிட்டார். மேற்கே திரும்பினால் யாரும் இல்லை என்பதைப் பழக முடியாமல், ஒரு மழை நாளில், கோப்புகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தாம்பரம் கோப்பில் ஒரே ஒரு தாள்.

நான் எழுதியது. தொழிலுக்கு வந்த முதல் வருஷம், குழுவில் போட்டு, யாரும் பதில் சொல்லாத என் கேள்வி: "மிரட்டுகிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் தனியாக இருக்கிறேன். விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. யாராவது இருக்கிறீர்களா?"

தேதி பார்த்தேன். அந்தக் குட்டியானை வண்டி வந்த திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

அந்தத் தாளுக்குச் சர்வே எண் ஏது? அதனால் ஓரத்தில் சார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "வடக்கே டீக்கடை. கிழக்கே ரயில் பாதை. தெற்கே பொது வழி. மேற்கே நான்."