பெங்கோசூரில் இறங்கவும்

ஊருக்குப் பெயர் வைக்கிறவர்கள் என்று ஒரு ரகம் உண்டு. பெயரில்லாத ஊருக்குப் பெயர் வைப்பவர்களைச் சொல்லவில்லை, ஏற்கெனவே பெயருள்ள ஊரைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பெயரா?" என்று கேட்பவர்களைச் சொல்கிறேன். இவர்களிடம் போய், "பெங்களூரில் நல்ல மழை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நீங்கள் நடையைக் கட்ட முடியாது. "எந்தப் பெங்களூரில்?" என்று குடையைப் பிடித்து இழுப்பார்கள். நனைந்துகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

காக்ஸ் டவுன் மதலைமுத்து இந்த ரகத்தில் முதல் தரம். சர்வே ஆபீஸில் காலமெல்லாம் எல்லைக்கோடு வரைந்து ஓய்வு பெற்றவர். வரைந்த கோடுகளை ஓய்வில் அழித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். அந்தக் காலத்தில் பெங்களூரின் நடுவிலிருந்த பார்க்குக்கு மேற்கே சிட்டி, அது மைசூர் மகாராஜாவுடையது. கிழக்கே, காக்ஸ் டவுனையும் சேர்த்து, தண்டு என்கிற கன்டோன்மென்ட், அங்கே வெள்ளைக்கார ரெசிடெண்டின் ஆட்சி. தெற்கே பஸ் ஏறினால் ஓசூர், அது மதராஸ் மாகாணம். ஆனால் காலையில் ஓசூர்க் காய்கறியைத் தின்று, பகலில் சிட்டியில் உத்தியோகம் பார்த்து, மாலையில் தண்டில் பாண்டு வாத்தியம் கேட்டு, ஜனங்கள் மூன்று சர்க்காருக்கும் குறுக்கே ஒரே வாழ்க்கையை வாழ்கிறார்கள். அப்படியிருக்க, இந்த மொத்தத்துக்கும் ஒரே பெயர் வேண்டாமா என்பது அவருடைய வாதம். வேண்டும்தான். யார் இல்லையென்றார்கள்? அந்தப் பெயரை அவரே வைத்ததில்தான் வந்தது வினை.

முதலில் 'மும்மண்டல மாநகரம்' என்றார். தபால்காரர் சிரித்தார். பிறகு 'தண்டுபெங்களூர்' என்றார். தண்டு முன்னால் வந்துவிட்டதென்று சிட்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நாள், பாதிக் கன்னம் மழித்தபடி, மீதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடிவந்து அறிவித்தார்: "பெங்கோசூர்!"

அவருடைய நண்பர் சேஷகிரி சிட்டியில் சர்க்கார் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காக்ஸ் டவுனுக்கு வந்து கன்னடம் கலந்த தமிழில் சண்டை போடுவார்.

"ஏன் ரீ மதலைமுத்து, இது ஊர் பேரா, வயித்துவலி மருந்தா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. ஒரு காலத்துல இங்கேயிருந்து ஓசூர் வரைக்கும் வரிசையா வீடா நிக்கும். அப்ப ஒங்க பேரப்பசங்க பேர் தேடி அலைவாங்க."

"அவங்க அலையட்டும். நீங்க ஏன் இப்பவே பேஜார் பண்றீங்க?"

அன்று முதல் மதலைமுத்துவின் வீட்டில் 'சிட்டி', 'தண்டு' இரண்டும் விலக்கப்பட்ட சொற்கள். மனைவி பியாட்ரிஸ் சிட்டி மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமானால், 'மேற்குப் பெங்கோசூர்' என்று சொன்னால்தான் ஜட்கா கூப்பிடுவார். அந்த அம்மாள் பல நாள் நடந்தே போனாள்.

இந்த நிலையில் மகள் மௌரீனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை நோயல், கோலார் தங்கவயல் பையன். அவனுக்குப் பர்மாவில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் கப்பல். கல்யாணத்துக்கு மறுநாளே தவக்காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. கல்யாணத்தன்றும் நண்பகலுக்குள் பூசை தொடங்கியாக வேண்டும்.

நிச்சயம் முடிந்து புறப்படும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் ரெமிஜியஸ் ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி.

"சம்பந்தி, அன்னிக்குக் காலையிலதான் ரயிலேறுவோம். தண்டுல எறங்கணுமா, சிட்டியிலயா?"

ஒரு சொல்லில் தீர வேண்டிய விஷயம்.

"ரெண்டும் இல்ல. பெங்கோசூர்ல எறங்குங்க."

ரெமிஜியஸ் மரியாதைக்காரர். படித்த சம்பந்தியிடம் புரியவில்லை என்று சொல்லக் கூசி, "ஆகட்டும்" என்று தலையாட்டினார். கல்யாணத்தன்று காலை, மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஏற்பாடு செய்த வண்டிக்காரரும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, "சரிங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, கோயில் மரத்தடியிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார்.

ரயில் வரும் நேரம் கடந்தது. வெயில் ஏறியது. பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பட்டுப் புடவையும் முக்காடுமாக மௌரீன் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, அவங்கள எந்த ஸ்டேஷன்ல எறங்கச் சொன்னீங்க?"

"பெங்..." என்று தொடங்கினார் மதலைமுத்து. மகளின் கண் நிறைந்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளாவது, ஊர் பேர ஊர் பேராச் சொல்லுங்கப்பா."

அவர் மரத்தடிக்கு ஓடினார். "தண்டு ஸ்டேஷன்! தண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டுப்பா!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

தண்டு ஸ்டேஷனில், தாலியும் மோதிரமும் இருந்த பெட்டியின் மேல் ரெமிஜியஸ் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் வாடிப்போன உறவுக்காரப் பெண்கள்.

"சம்பந்தி, முதல்ல வந்த ஸ்டேஷன்னு இங்க எறங்கிட்டோம். பெங்கோசூருக்கு எப்பிடிப் போவணும்னு கேட்டா போர்ட்டர் சிரிக்கிறான்."

"மாப்பிள்ள எங்க?"

"பின்னாடி பெட்டியில வந்தான். இங்க எறங்கலியே!"

மதலைமுத்து பிளாட்பாரத்தின் கோடிவரை ஓடித் தேடினார்.

நோயல் என்ன செய்தான்? பக்கத்தில் இருந்தவரிடம் பெங்கோசூருக்கு வழி கேட்டான். "ஓசூரா? சிட்டியில எறங்கி பஸ் பிடிக்கணும்" என்றார் அந்தப் புண்ணியவான். இறங்கினான். கோட்டில் பூவோடு, ஓசூர் பஸ்ஸின் படியில் ஒரு காலும் வைத்துவிட்டான்.

"பெங்கோசூர் போகுமா?"

"ஓசூர் போகும். பெங் எல்லாம் தெரியாது. ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

கல்யாணத்துக்கு வருவதற்காக அதே ஸ்டாண்டில் தண்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சேஷகிரியின் காதில் அந்தச் சொல் விழுந்தது. உலகத்திலேயே அதற்குப் பொருள் தெரிந்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

"தம்பி! நீ மதலைமுத்து மாப்பிள்ளையா? இறங்கப்பா, முதல்ல இறங்கு!"

டாக்சியில் அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் கோயிலுக்கு வந்தபோது, தாலிப் பெட்டியும் வந்து சேர்ந்திருந்தது. நண்பகலுக்குச் சற்று முன்னால், சாமியார் யாருக்கும் மூச்சுவிட நேரம் கொடுக்காமல் பூசையைத் தொடங்கினார். தாலி ஏறியபோது மதலைமுத்து விம்மி அழுதார்.

"இனிமே அந்தப் பேர் ஒங்க வாயில வந்துச்சு, நானும் மாப்பிள்ளையோட கப்பலேறிடுவேன்" என்றாள் பியாட்ரிஸ்.

அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். விருந்து பாதி நடக்கும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு மெல்லச் சேஷகிரியின் பக்கம் சாய்ந்தார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா? பஸ் ஸ்டாண்டுல அவ்வளவு சத்தம். அதுக்கு நடுவுல பெங்கோசூர்னு ஒரே ஒரு வார்த்தை. நீங்க டக்குனு புரிஞ்சுக்கிட்டீங்க. பேர் வேலை செய்யுது!"

சேஷகிரி எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்கிறார். ஊரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வீர்களா, அல்லது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரியாகச் சொல்லப்போனால்..." என்று தொடங்குவீர்களா? தொடங்குவீர்கள் என்றால் எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும், வழி சொல்லும் வேலையைப் படிக்காதவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.