நந்திக்கடல் இறாலை நான் எழுதிக் கொன்ற கதை

பேனை பிடித்து ஒரு களப்பு நிறைய இறாலைக் கொன்றவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (பெருமைக்குச் சொல்லேல்லை. அக்கா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. நானும் ஒருக்கால் என்ர வாயாலை சொன்னால் மனம் ஆறுமோ எண்டு பாக்கிறன்.)

முதலில் என் தகுதியைச் சொல்லவேண்டும். சண்டை முடிந்து எங்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த காலத்தில், முகாமில் என் கையெழுத்துக்கு நல்ல மதிப்பு. ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒரு நிறுவனம் ஒரு படிவத்தோடு வரும். உங்களிடம் என்ன இருந்தது, என்ன போனது, இப்போது என்ன இருக்கிறது? எங்களுக்கு உண்மையிலேயே எல்லாம் போய்த்தான் இருந்தது. ஆனால் போனதைப் போனபடி எழுதினால் கூரைக்கு விரிக்க ஒரு தறப்பாள்கூடக் கிடைக்காது என்பதை நான் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். போனதுக்கு மேலால் இன்னும் கொஞ்சம் போனதாக எழுதவேண்டும். மிச்சம் இருக்கிற ஒரு சைக்கிளையும் இல்லை என்று எழுதவேண்டும். “தம்பி எழுதினால் சாமான் வரும்” என்று சனம் வரிசையில் நின்றது. அந்த வயதில் அதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தேவைப்படவில்லை.

பிறகு ஊர் திரும்பி, அத்தான் நந்திக்கடல் களப்பில் இறால் பிடித்து உழைத்ததில் நான் யாழ்ப்பாணம் போய் உண்மையான பட்டமும் ஒன்று எடுத்தேன். அத்தான் என்றால் அக்காவின் புருசன். அதிகம் கதைக்காத மனிதர். விடிய முதல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனால் வெயில் ஏறத் திரும்பி வருவார். என் பல்கலைக்கழகச் செலவெல்லாம் அவருடைய இறால் பறிக்குள் இருந்து வந்ததுதான். பட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, வேலையில்லாமல், இரண்டு வருடம் அந்த வீட்டுச் சோற்றையும் இறால் குழம்பையும் நன்றாக அடித்தேன்.

அப்போதுதான் மூன்று நாடுகள் சேர்ந்து எங்கள் களப்பை ஆராய வந்தன. களப்பில் என்ன இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம், எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்க்கும் பெரிய கூட்டு ஆராய்ச்சி. அதற்குத் தலைவி மார்த்தா. பனிநாட்டுப் பேராசிரியை, ஆறடி உயரம், எங்கள் ஆக்களைவிட உறைப்புத் தின்பா. இறாலைக் கையில் தூக்கி, வாலிலிருந்து தலைவரை அடிமட்டத்தால் அளந்து, திரும்ப அதன் இடத்திலேயே பக்குவமாக வைப்பா. (எங்கட அம்மாவும் என்னை அப்பிடிப் பக்குவமாத் தூக்கினதா எனக்கு ஞாபகமில்லை.) இங்கிலீசு தெரிந்தவன் என்று என்னைக் கள உதவியாளராகப் பிடித்தார்கள். மூன்று கொடி போட்ட ஒரு தொப்பியும் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் கோயிலுக்குக்கூடப் போனேன்.

வேலை சுலபம். ஒவ்வொரு கடற்றொழிலாளிக்கும் நீல மட்டை போட்ட ஒரு பதிவுப் புத்தகம். இன்றைக்கு என்ன வலை, எத்தனை மணித்தியாலம், எவ்வளவு இறால், எவ்வளவு மீன் என்று அவர்களே எழுதவேண்டும். விடிய எழும்பித் தொழிலுக்குப் போகிறவன் கொப்பி எழுதுவானா? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் மீன்பிடிச் சங்கக் கட்டடத்துக்கு வந்து என்னிடம் வாயால் சொல்லுவார்கள், நான் எழுதுவேன். முதல் ஞாயிறு, முதல் ஆளாக அத்தான் கதிரையில் இருந்தார்.

“திங்கள் பன்ரண்டு கிலோ றால் பட்டது. செவ்வாயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்” என்றார்.

நான் பேனையை மூடிவிட்டேன். “அத்தான், உங்களுக்கு விசரே? பன்ரண்டு எண்டு எழுதினால் உவை என்னத்துக்கு எங்களுக்கு உதவி செய்யப்போயினம்? நல்லா இருக்கிறாங்கள் எண்டு போட்டு வேற ஊருக்குப் போயிடுவினம்.”

“அவா உதவி செய்ய வந்தவா இல்லையே மச்சான். எண்ணத்தானே வந்தவா?”

“எண்ணுறது என்னத்துக்கு? குடுக்கிறதுக்குத்தானே! இவ்வளவு காலமும் எண்ணிப்போட்டுத்தானே தந்தவங்கள்? நீங்கள் பேசாமல் இருங்கோ, நான் நாலு எண்டு போடுறன்.”

அத்தான் என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். “நீ படிச்சனி. உனக்குத் தெரியும்தானே” என்றுவிட்டு எழும்பிப் போனார். பின்னால் நின்ற சங்கத் தலைவர் செல்வம் அண்ணைக்கு என் அறிவைக் கண்டு புல்லரித்துவிட்டது. “பாத்தியளே, பொடியன் பழசை மறக்கேல்லை” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு வருடம் நான் இறாலைக் குறைத்தேன். பத்தை மூன்றாக்கினேன், எட்டை இரண்டாக்கினேன். செல்வம் அண்ணை தானாகவே பாதி குறைத்துத்தான் சொல்லுவார். அது தெரியாமல் நானும் என் பங்குக்குக் குறைப்பேன். ஆகவே அவருடைய இறால் இரண்டு தரம் செத்தது. சும்மா குறைத்தால் சந்தேகம் வருமென்று மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். குறிப்பு எழுதும் இடத்தில் ‘பிள்ளைகளுக்குக் கறிக்கும் வழியில்லை’ என்று முகாமில் கைவந்த வசனத்தைப் போட்டேன். ஒருநாள் மார்த்தா, “இதை ஏன் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்?” என்று கேட்டா. “எல்லாருக்கும் ஒரே கஷ்டம் மேடம்” என்றேன். அவா அப்படியே எழுதிக்கொண்டா. (இடைக்கிடை துறையிலை வந்து அளந்தவாதான். ஆனால் அவா அளந்தது றாலின்ர நீளம். நிறை என்ர பொறுப்பு.)

வருடம் முடிந்தது. சங்கக் கட்டடத்தில் பெரிய கூட்டம். சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, வரைபடம் காட்டினார்கள். ஒரு சிவப்புக் கோடு மேலிருந்து புறப்பட்டு, வழுக்கி, கீழே வந்து நிலத்தைத் தொட்டது. என் கைவண்ணம்! அழகாகத்தான் இருந்தது. நான் மொழிபெயர்ப்பாளன், மூன்று கொடித் தொப்பியோடு மார்த்தாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். “உங்கள் களப்பு செத்துக்கொண்டிருக்கிறது” என்று சொல்லும்போது அந்த மனுசிக்குக் குரல் தழுதழுத்தது. நான் அதைத் தமிழில் இன்னும் உருக்கமாகச் சொன்னேன். குனிந்து முன் வரிசையில் இருந்த அத்தானிடம், “இப்ப வரப்போகுது பாருங்கோ” என்று கிசுகிசுத்தேன். இயந்திரம், வலை, புது வள்ளம் என்று ஒரு பட்டியலும் என் காற்சட்டைப் பைக்குள் தயாராக இருந்தது.

மார்த்தா அடுத்த வசனத்தைச் சொன்னா. இறால் பெருக இடம் விடவேண்டும், ஆகவே வட்டுவாகல் பாலத்திலிருந்து மேலே எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் பகுதி முழுவதையும் இரண்டு வருடம் மூடும்படி மேலிடத்துக்குச் சிபாரிசு செய்யப்போகிறோம் என்றா.

நான் தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டேன்.

“என்ன தம்பி சொல்லுறா?” என்றார் செல்வம் அண்ணை.

“வெயில் கூடிப்போச்சு எண்டு சொல்லுறா அண்ணை.”

நல்லகாலம், அல்லது கெட்டகாலம், அடுத்த படத்தில் எங்கள் களப்பின் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் போகக்கூடாது என்பதை எங்கள் சனத்துக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, மிதிவெடிப் பலகை பார்த்த சனம். ஒரு நிமிடத்தில் கூட்டம் எழும்பியது. “டேய், பொய் எண்டு சொல்லடா! எழுதினதெல்லாம் பொய் எண்டு சொல்லு!” என்று செல்வம் அண்ணை கத்தினார். அத்தான் மட்டும் எழும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் சொன்னேன். மேடம், கணக்கில் ஒரு சின்னப் பிழை. எந்தக் கணக்கில் என்று கேட்டா. எல்லாவற்றிலும் என்றேன். அவா சுவரில் இருந்த சிவப்பைத் திரும்பிப் பார்த்தா. பிறகு, கோபமே இல்லாமல் கேட்டா: “ஒரு வருடமாகக் குறைவு என்றீர்கள். மூடப்போகிறோம் என்றதும் நிறைய என்கிறீர்கள். எப்போது சொன்னது பொய், அப்போதா, இப்போதா?”

அதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நியாயமான மனுசி. “அடுத்த கிழமை ஐந்து நாள் நானே துறையில் நின்று நிறுக்கிறேன். இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன்” என்றா. சனம் கைதட்டியது. நான்தான் பலமாகத் தட்டினேன். வாகனம் போய்ப் புழுதி அடங்கியபிறகுதான் அத்தான் வாயைத் திறந்தார்.

“அடுத்த கிழமை அம்மாளுக்குத் தீர்த்தம் எடுக்கிறது.”

வற்றாப்பளை அம்மனின் பொங்கல் கிழமை. கடல் தண்ணீர் எடுத்துவந்து விளக்கு ஏற்றிவிட்டால் பொங்கல் முடியும்வரை எங்கள் ஊரில் ஒருத்தரும் களப்பில் வலை வைப்பதில்லை. வீட்டில் மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டியே கவிழ்த்துத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் களப்பில் கால் வைக்காத ஒரே கிழமை. அந்தக் கிழமைக்குத்தான் நாங்கள் எல்லாரும் கைதட்டி ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஓடினேன். தள்ளிவைக்கச் சொல்லி மார்த்தாவைக் கெஞ்சினேன். விமானம் சனிக்கிழமை என்றா. “ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கிறது, இல்லையா?” என்று சிரித்தா. திரும்பி வந்து, ஒரு நாளைக்கு மட்டும் வலை வைப்போமா என்று நான் கேட்ட கேள்விக்கு அக்கா அகப்பைக்காம்பைத் தூக்கிக்கொண்டு வந்தா. “எழுதினது காணாதெண்டு அம்மாளையும் இதுக்குள்ளை இழுக்கிறியோ?” அத்தானும் மாட்டேன் என்றுவிட்டார். “நான் பொய் எழுதேல்லை. இதையும் செய்யமாட்டன்” என்றார்.

ஐந்து நாள். கொதிக்கிற வைகாசி வெயிலில் மார்த்தா குடையைப் பிடித்துக்கொண்டு, தராசை மணலில் வைத்துக்கொண்டு, துறையில் நின்றா. வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. நான் பக்கத்தில் நின்று இது கோயில் கிழமை, கோயில் கிழமை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவா தலையாட்டிக்கொண்டே சைபர் போட்டா. ஐந்தாம் நாள் அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. “பாவம் மனுசி, காயுறா” என்று சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தா. மார்த்தா ரசித்துச் சாப்பிட்டா. சாப்பிட்டு, கை கழுவி, கொப்பியைத் திறந்து ஒரு வரி எழுதினா. எட்டிப் பார்த்தேன். ‘மீனவர் வீட்டுச் சமையலில்கூட மீன் இல்லை’ என்று எழுதியிருந்தது.

என்னுடைய வசனத்துக்கு அக்கா கையாலேயே அத்தாட்சி போட்டாயிற்று.

களப்பின் எங்கள் பக்கத்தை மூடினார்கள். அத்தான் ஒரு வார்த்தை ஏசவில்லை. வலையைச் சுருட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டுவிட்டு, மாங்குளம் சந்தியில் ஒரு இரும்புக்கடைக்குச் சாமான் ஏற்றி இறக்கப் போனார். நான் மூன்று கொடித் தொப்பியோடு அதே சம்பளத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொப்பியைப் போட எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்துத் திறந்தார்கள். இந்த முறை என்னை நம்பாமல் தாங்களே தராசோடு வந்து, தொழில் நடக்கிற நாளில், நிறுத்தார்கள். ஒரு வள்ளத்துக்குப் பன்னிரண்டு கிலோ! மார்த்தாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையை எனக்கு அனுப்பிவைத்தா. எங்கள் முதல் பதிவில் இருந்த நாலு கிலோ, இரண்டே வருடம் மூடித் திறந்ததும் பன்னிரண்டானதாம். மூடியதால் மீண்ட களப்பாம். மூன்று நாடுகளின் ஒத்துழைப்புக்குக் கிடைத்த வெற்றியாம். கடைசிப் பக்கத்தில் தரவு சேகரித்தமைக்கு எனக்கு நன்றி வேறு. வேறு களப்புகளுக்கும் இதையே செய்யப்போகிறார்களாம்.

அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் அத்தானுக்கும் தெரியும். மூன்று தரம் கடிதம் எழுதத் தொடங்கி மூன்று தரமும் கிழித்துவிட்டேன். எழுதினால் அவா திரும்பவும் அதையேதான் கேட்பா: அப்போதா, இப்போதா? அந்தக் களப்புகளின் கரையில் இருக்கிற சனத்தின் முகமும் தெரியாது. அது ஒரு வசதி.

மற்றவர்கள் களப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அத்தான் திரும்பவில்லை. மாங்குளத்தில் கம்பி தூக்கித் தூக்கி வலது தோள்மூட்டு போய்விட்டது, வலை வீச ஏலாது. வள்ளத்தைச் செல்வம் அண்ணைக்குக் கொடுத்துவிட்டார். இப்போதும் அந்த இரும்புக்கடையில்தான் நிற்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார். அக்கா, விலைக்கு வாங்கிய இறாலில் குழம்பு வைத்து, “எத்தினை போட?” என்று கேட்பா.

“பன்ரண்டு போடு. மச்சான் எழுதேக்கை நாலாகும்” என்பார் அத்தான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிள்ளைகளும் சிரிக்கும், அக்காவும் சிரிப்பா. அத்தானும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இடதுகையால் பிசைந்து தின்னுவார். நான் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.