தக்காளிச் சாறும் வெல்லமும் என் கல்யாணமும்

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூடாது. தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று விளக்கிவிட்டுத்தான் சொம்பையே நீட்டுவார்கள். எண்பதுகளில் மனையியல் படித்துவிட்டு நல்லம்பள்ளிக்குத் திரும்பிய நான் அந்த ரகம்.

அப்போதுதான் மாரண்டஹள்ளியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மாப்பிள்ளை அந்தோணி, தொடக்கப்பள்ளி வாத்தியார். அப்பா இல்லாத வீடு. அவருடைய அம்மா ஆரோக்கியம் தனியாளாகத் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவோ கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுபவர். முன்பு வந்த இரண்டு வரன்களும், "பொண்ணு ரொம்பப் பேசுதுங்க" என்று நழுவியிருந்தன.

"இந்தத் தடவ வாயத் தொறக்காத கண்ணு. காப்பியக் குடுத்துட்டு உள்ள வந்துரு" என்றார் அம்மா.

காப்பியாவது! இரண்டு குடும்பத்தையும் சத்து அடிப்படையில் இணைத்துவிடுவது என் திட்டம். சந்தையில் வாங்கிய மாரண்டஹள்ளித் தக்காளியை அரைத்து வடிகட்டி, அப்பாவின் வெல்லத்தைக் கரைத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கார்க்கை இறுக்கி அடைத்தேன். தக்காளி பறிப்பு இருக்கிறது என்று அவர்கள் வருகையை இரண்டு நாள் தள்ளிப் போட்டார்கள். பாட்டில் மட்டும் சித்திரைப் புழுக்கத்தில், அடுப்படியிலேயே காத்திருந்தது. (நொதித்தல் பாடத்தில் எனக்கு நல்ல மார்க். வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.)

அவர்கள் வந்ததும் பாட்டிலோடு போய் நின்றேன்.

"தக்காளிச் சாறுல விட்டமின் சி இருக்குதுங்க, ஆனா தெம்பு கம்மி. வெல்லத்துல தெம்பு அதிகம். கொஞ்சம் இரும்புச்சத்தும் உண்டு. ஆனா விட்டமின் சி இல்லீங்க."

"அப்ப வெல்லந்தான் ஒசத்தி" என்றார் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு.

ஆரோக்கியம் அம்மா விடவில்லை. "அதெப்படிங்க? சர்க்கர வியாதிக்காரனுக்கு வெல்லத்தக் குடுக்க முடியுங்களா?"

"தக்காளியில பூராத் தண்ணிதானுங்களே! அத எங்க கெணத்துலயே எறைச்சுக்கறோம்."

குரல்கள் உயர்ந்தன. அந்தோணி மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டில்ல நொர வருதுங்க" என்றார் மெதுவாக. (என் அழகைத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.)

"சண்டையே வேண்டாங்க! இரும்புச்சத்து உடம்புல சேர விட்டமின் சி ஒதவும். ரெண்டும் ஒண்ணாச் சேரணும்!" என்று முழங்கிக் கார்க்கை இழுத்தேன்.

டமார்!

கார்க் கூரை ஓட்டில் போய் அடித்தது. சாறு பீய்ச்சிக்கொண்டு பாய்ந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டை சிவந்தது. அந்தோணியின் கண்ணாடி சிவந்தது. ஆரோக்கியம் அம்மாவின் சந்தன நிறப் பட்டுப்புடவையில் மடிவரை வழிந்தது. மூன்றாவது வரனும் போயிற்று என்று காலிப் பாட்டிலோடு நின்றேன்.

ஆரோக்கியம் அம்மா உதட்டோரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க வெல்லம் நல்ல வெல்லமுங்க."

அப்பா மீசையைத் துடைத்தார். "தக்காளியும் சொல்லும்படியாத்தான் இருக்குதுங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அந்தோணி தன் அம்மா பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணே இருக்கட்டும்மா. அப்பா போனதுக்கப்புறம் நம்ம வூட்டுல சத்தமே இல்ல."

ஆரோக்கியம் அம்மா அப்போதுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கல்யாண விருந்தில் யாரோ என் கையில் சோடா பாட்டிலைக் கொடுக்க, மாரண்டஹள்ளிக்காரர்களின் முன்வரிசை முழுதும் எழுந்து சுவரோரம் போய் நின்றது. எண்பதைத் தாண்டிய என் மாமியார், நான் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால்கூட முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் கேட்கிறார்: "இதுல என்னா சத்தும்மா?"