மணிக்கட்டோடு நின்ற கணக்கு

"ஏழும் ஏழும் எத்தனை?" என்று கவேரா சார் கேட்டார்.

"மூக்கு" என்றது முதல் வகுப்பு மொத்தமும்.

கவேரா சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். தலைநகரமான போர்ட் மோர்ஸ்பி பக்கத்துக் கடலோரக்காரர் அவர். இந்த மலை உச்சிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து மெல்லுவதற்கு ஒரு பாக்கு கிடைக்காமல் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தார். இங்கே பாக்கு மரம் வளராது, மேகம்தான் வளரும்.

"எட்டும் நாலும்?"

"காது."

"எந்தக் காது?" என்று குத்தலாகத்தான் கேட்டார்.

"வலது காது சார். இடது காது வேணும்னா இன்னும் ஒரு நாலு போடணும்" என்றாள் முன் வரிசை ஜெமிமா. வகுப்பில் யாரைக் கேள்வி கேட்டாலும் பதில் இவளிடமிருந்துதான் வரும்.

அந்தப் பள்ளத்தாக்கில் எண்ணுவதென்றால் உடம்பைத்தான் எண்ணுவார்கள். வலது கட்டைவிரல் ஒன்று. விரல்கள் முடிந்தால் மணிக்கட்டு, அப்படியே முன்கை, முழங்கை, மேல்கை, தோள், கழுத்து என்று ஏறி, காது, கண் வழியாக மூக்குக்கு வந்தால் பதினாலு. பிறகு அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இடது மணிக்கட்டு இருபத்திரண்டு, இடது சுண்டுவிரல் இருபத்தேழு. அத்தோடு ஆள் முடிந்தது, கணக்கும் முடிந்தது. பன்றி வாங்குவதிலிருந்து பெண் கேட்பது வரை ஊர் இப்படித்தான் கணக்குப் பார்த்து வந்தது, எவரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டர் அம்மா விமானத்தில் வந்து இறங்குவார். அவரிடம் போய் மூக்கு, காது என்றால் கவேரா சாருடைய மூக்கும் காதும்தான் அறுபடும். அதனால் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார்.

பிள்ளைகள் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு தோளைக் குலுக்கினார்கள், கண்ணைச் சிமிட்டினார்கள், நாக்கை நீட்டி மூக்கைத் தொடப் பார்த்தார்கள். வகுப்பு முழுவதும் வலிப்பு வந்ததுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பையனுக்குச் சளி. அவன் மூக்கை உறிஞ்சும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவன் பதினாலு என்று சிலேட்டில் எழுதினான். இன்னொருவன் காதில் ஈ உட்கார்ந்து அவனுடைய விடை பன்னிரண்டாகிவிட்டது.

ஒரே வாரத்தில் கவேரா சார் சரணடைந்தார். ஊரோடு ஒத்துப்போய், உடம்பிலேயே எண்ணி, வாயில் மட்டும் எண்ணைச் சொல்லட்டும் என்று விட்டார். வகுப்பு பிடித்துக்கொண்டது. இருபத்தேழுக்குள் கூட்டல் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. சாருக்கே பழகிப்போய், சமையல்காரர் கிழங்கு எத்தனை போடட்டும் என்று கேட்டால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

செலின்டா ஒருத்திதான் இருபத்திரண்டோடு நின்றாள்.

மேலேயிருந்த ஊரைப் போன மழைக்காலத்தில் மலை சரிந்து மூடியபோது மிஞ்சியவள் அவள். தாய் போய்விட்டாள். தாய்மாமன் ஓபெத் கீழே கூட்டிவந்து தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டான். பெண் சாது. வலது கட்டைவிரலில் தொடங்கித் தப்பே இல்லாமல் ஏறுவாள், மூக்கைத் தாண்டி இறங்குவாள், இடது மணிக்கட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் என்ன என்று கேட்டால் ஒரே பதில்.

"மிச்சம்."

"மிச்சம்னா எத்தனைம்மா?"

"மிச்சம் சார்."

இதை இப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஓபெத் ஒரு நாள் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். இன்ஸ்பெக்டர் அம்மா கேட்கும் கணக்கில் இவள் தேறாவிட்டால் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றான். கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் சட்டி சிறிதாகவும் வாய் அதிகமாகவும் இருந்தன.

"படிப்பு ஏறுற புள்ளைன்னா பட்டினி கெடந்தாவது அனுப்பலாம் சார். ஏறலைன்னா எதுக்கு அதையும் கஷ்டப்படுத்திக்கிட்டு?" என்றான்.

கவேரா சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அந்த ஊரில் சொந்தமாக இருந்தது பள்ளிக்கூடத்துப் பலகையில் ஓர் இடம் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் பன்றிகளுக்குப் பின்னால் நடந்து நடந்தே வளர்ந்துவிடுவாள். எப்படியாவது இவளை மணிக்கட்டைத் தாண்ட வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

முதலில் உடம்பே வேண்டாம் என்று சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொட்டினார். செலின்டா அழகாக எண்ணினாள். இருபத்திரண்டு வந்ததும் மற்றதைத் தள்ளி வைத்து மிச்சம் என்றாள். சார் அவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோது ஒரு பன்றி உள்ளே நுழைந்து மிச்சத்தைத் தின்றுவிட்டது. விடை சரியாகிவிட்டதே என்று ஜெமிமா சொன்னாள்.

அடுத்து அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. தடங்கல் இடது கையில்தானே இருக்கிறது? இடது கையிலிருந்தே தொடங்கச் சொன்னால்? கடைசியில் வருவது முதலிலேயே தீர்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வகுப்பு மொத்தத்தையும் இடமிருந்து எண்ணச் சொன்னார்.

பாதி வகுப்பு மாறியது, பாதி மாறவில்லை. ஒருத்தனுக்கு எட்டாக இருந்த முழங்கை அடுத்தவனுக்கு இருபதாக இருந்தது. அடிதடி ஆயிற்று. ஏழும் ஏழும் கேட்டால் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக மூக்கு என்றார்கள், ஏனென்றால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது நடுவில்தான் இருக்கிறது. செலின்டாவோ வாயே திறக்கவில்லை. இருபத்திரண்டு வரை எண்ணிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இப்போது ஒன்றுகூட வரவில்லை. கவேரா சார் பழையபடி வலது பக்கத்துக்கே திரும்பினார். வகுப்பை நேராக்க இரண்டு வாரம் பிடித்தது.

பிறகு ஒரு நாள், தற்செயலாக, ஜெமிமாவை நிற்க வைத்து அவள் உடம்பில் எண்ணச் சொன்னார். செலின்டா வலது கையால் தொட்டுத் தொட்டு ஏறினாள், இறங்கினாள், ஜெமிமாவின் இடது மணிக்கட்டில் நிற்கவே இல்லை. கட்டைவிரல் இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்று போய்ச் சுண்டுவிரலைப் பிடித்து ஆட்டி, "இருபத்தேழு" என்றாள்.

கவேரா சாருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் கோபம் வந்தது. அப்படியென்றால் இவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை நாளாகத் தன்னை ஆட்டி வைத்திருக்கிறாள். கிழங்கு, பன்றி, அடிதடி எல்லாம் இவளுக்கு வேடிக்கை.

மறுநாள் காலையிலிருந்து அவளையே கவனித்தார். கவனித்ததும் ஒன்று பிடிபட்டது. அவளுடைய இடது கை எப்போதும் மூடியே இருந்தது. எழுதுவது, சாப்பிடுவது, கூந்தலைத் தள்ளுவது எல்லாம் வலது கையால். முதுகில் தொங்கும் நூல் பின்னல் பையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொள்வதால் அதற்குக் கை தேவையில்லை. எண்ணத் தொடங்கும்போது வலது விரல்களை மூடிய இடது முட்டியாலேயே இடித்துக் காட்டினாள். இத்தனை நாள் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தார்.

வகுப்பில் சாக்பீஸ் வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தது. கவேரா சார் இரண்டையும் கூட்டினார். விடை மிகச் சரியாக வந்ததாக அவருக்குத் தோன்றியது.

"கையைத் திற."

செலின்டா கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"திட்ட மாட்டேம்மா. சாக்பீஸ்தானே? நீயே வச்சுக்க. திறந்து மட்டும் காட்டு."

அவள் தலையை ஆட்டினாள். சார் பொறுமையாக மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் கையை முன்னால் இழுத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்தச் சின்னக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. கட்டைவிரல் வந்தபோது எதிர்ப்பு சட்டென்று நின்றுபோய், கை தானாக விரிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வெளுத்து, ஈரமாக, நகம் பதிந்த தழும்புகளோடு ஒரு உள்ளங்கை.

"அட, ஒண்ணுமே இல்லையே. இதுக்கா இவ்வளவு காவல்?" என்றார் கவேரா சார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

செலின்டா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கும் ஏதாவது தோன்றியிருக்கும். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள், பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுவதும் அந்தக் கை அவள் மடியில் திறந்தபடியே கிடந்தது. சாருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பிள்ளைமீது திருட்டுச் சந்தேகம் வைத்துவிட்டோமே என்று சாயங்காலம் ஒரு புது சாக்பீஸை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், இடது கையால்.

மறுநாள் மேகம் விலகியதும் விமானம் இறங்கியது. இன்ஸ்பெக்டர் அம்மா சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்குள் வந்தார். அந்தக் காலைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஓபெத் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய மண்வெட்டியும் கூடவே வந்திருந்தது.

பிள்ளைகள் எண்களைச் சொன்னார்கள். உடம்பைத் தொட்டுக்கொண்டு சொன்னதை அந்த அம்மா தடுக்கவில்லை. தன் ஊரிலும் இப்படி ஏதோ உண்டு, இப்போது மறந்துவிட்டது என்றார். கடைசியில் செலின்டாவைக் கூப்பிட்டு, கவேரா சார் பயந்த மாதிரியே பெரிய எண்ணாகக் கேட்டார்.

"பதினஞ்சும் பத்தும் எத்தனை கண்ணு?"

செலின்டா இடது கண்ணைத் தொட்டுக்கொண்டு, அங்கிருந்து பத்து இறங்கத் தொடங்கினாள். காது, கழுத்து, தோள், மேல்கை. முழங்கை, முன்கை. மணிக்கட்டு வந்தது. நின்றாள். ஜன்னலில் ஓபெத் மண்வெட்டியைத் தோளில் தூக்கிவிட்டான்.

செலின்டா தன் இடது கட்டைவிரலைத் தொட்டாள். அது தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோல் தொட்டாள். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல்.

"இருபத்தஞ்சு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா சபாஷ் சொல்லி, மிச்சம் எத்தனை விரல் என்று விளையாட்டாகக் கேட்டார். செலின்டா அந்த இரண்டையும் எண்ணிக் காட்டினாள். மிச்சம் என்று சொல்ல அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை. வகுப்பு கை தட்டியது. ஓபெத் மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "வரட்டும் சார், அவ பள்ளிக்கூடத்துக்கே வரட்டும்" என்றான்.

கவேரா சாருக்குக் கடலோரத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. விமானத்தில் வந்த பிஸ்கட்டைத் தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். வெளியே புல்தரையில் ஓபெத்தின் பின்னால் செலின்டா நடந்து போய்க்கொண்டிருந்தாள், இரண்டு கையையும் தொங்கவிட்டபடி. அவள் போவதைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கத்திலிருந்த ஜெமிமாவிடம் பெருமை தாங்காமல் கேட்டார்.

"பாத்தியா? வருஷம் முழுக்க வராதது ஒரே நாள்ல எப்படி வந்துச்சு இவளுக்கு?"

ஜெமிமா பிஸ்கட்டைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அந்தக் கையை அவ அம்மா பிடிச்சிட்டிருந்தாங்க சார். மண்ணு வந்தப்போ விட்டுடாதேன்னு சொன்னாங்களாம். நேத்து நீங்க விரலைப் பிரிச்சீங்கல்ல, அப்பத்தான் விட்டா."