இடைவெளி விதிக்கு நான் கண்ட உட்பொருள்

அன்பிற்கும், அதனினும் மேலாகப் பொறுமைக்கும் உரிய மைத்துனருக்கு,

எல்லாம் வல்லவன் அருளால் நானும் உமது தமக்கையும் தனித்தனியே நலம். உமது நலமும், உமது நிலத்து மண்புழு முதலாகிய சிற்றுயிர்களின் நலமும் அறிய விழைகிறேன். 'தனித்தனியே' என்ற சொல் இங்கே எதற்கு என்று நீர் வினவக்கூடும். அதை விளக்கவே இக்கடிதம்.

இயற்கை வேளாண்மைத் தர ஆலோசனைக் குழுவில் காலியாக இருந்த ஓரிடத்துக்கு நீர் விண்ணப்பித்ததும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் மூவருக்கு என்னைத் தலைவனாக்கியதும் நீர் அறிந்தவையே. வாழ்நாள் முழுதும் மறைநூலுக்கும் பழம்பாடலுக்கும் விளக்கம் சொல்லிக் காலம் கழித்தவனை ஏன் தேடி வந்தீர்கள் என்று துறை அதிகாரியைக் கேட்டேன். "விவசாயம் தெரிஞ்சவங்க எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிடறாங்க ஐயா. உங்களுக்கு எது எந்தப் பக்கம்னே தெரியாதே" என்றார். நடுநிலைக்கு இதனினும் தெளிவான இலக்கணம் நான் கேட்டதில்லை. இசைந்தேன்.

தரக் கையேட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்நூலாயினும் நீராடி, உரக்க வாசித்து, சொல்லுக்குப் பொருளும் பொருளுக்கு உட்பொருளும் கண்ட பின்னரே பக்கம் புரட்டுவது என் வழக்கம். வினை அங்கேதான் தொடங்கியது. பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து படாதிருக்க, இரு வயல்களுக்கும் நடுவே வெறும் நிலம் விட வேண்டும் என்றொரு விதி அதில் உண்டு. வேளாண்மை அறிந்தவன் நாலு அடி தள்ளி விதைத்துவிட்டுப் போவான். எனக்கோ வயல் என்பது மனிதன், காற்று என்பது பாசம், மருந்து என்பது சலுகை என்று பட்டது. பட்டதை மனத்திலேயே வைத்திருக்கலாம். நேர்காணல் முடிந்து, நான் மதிப்பெண் இடாமல் ஒதுங்கியிருந்தும் நீரே முதலிடம் என்று அதிகாரி அறிவித்தபோது, என் மனச்சான்று எழுந்து நின்றது. அதனுடன் நானும் எழுந்து நின்று உட்பொருளை விரித்துரைத்தேன். சாப்பாட்டு நேரம் கடந்துகொண்டிருந்தது. நான் அமர்ந்தால் போதும் என்ற நிலையில், அந்த அலுவலகத்தில் எவருக்கும் உறவாக உள்ளவர் உறுப்பினராகலாகாது என்று அதிகாரி விதியாகவே எழுதிக்கொண்டார்.

அவ்விதியின்படி நீர் முதலில் வீழ்ந்தீர். அதற்குள் நான் மகிழ்ந்திருக்கக் கூடாது. இரண்டாமிடத்தில் இருந்த மண் பரிசோதனை அம்மையார் அதிகாரிக்கு அண்ணி என்றார்கள், சரி, அடுத்தவர் என்றேன், அடுத்தவரான தேனீ வளர்ப்பவர் என் வலப்பக்கம் அமர்ந்திருந்த தேர்வாளருக்கு மாப்பிள்ளையாம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க எங்க பேச விட்டீங்க?" என்கிறார், அவருக்கும் அடுத்த கீரைத்தோட்டக்காரரையாவது பிடித்துக்கொள்வோம் என்று பார்த்தால் தட்டச்சு செய்யும் பெண் மெல்லக் கையை உயர்த்தி, "அவரு எங்க சித்தப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எஞ்சியவர் ஒருவரே. அவர் பூச்சிமருந்துக் கடைக்காரர்.

இயற்கை வேளாண்மைக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "என்னென்ன இருக்கக் கூடாதோ அதெல்லாம் என் கடையிலதாங்க இருக்கு. என்னைவிட அது யாருக்குத் தெரியும்?" என்றார். மறுக்க இயலவில்லை. "இங்கே உறவினர் எவரேனும் உண்டா?" என்றேன்.

"எங்கயுமே இல்லீங்க ஐயா. மருந்து வாடைக்குப் பயந்து எங்க வீட்டுப் படி யாரும் ஏறுறதில்ல."

ஆக, இடம் அவருக்கு. நாளை ஆணை வருகிறது. ஒரு வண்டு கடித்ததற்காகக்கூட மருந்து தொடாத நீர், இனி அவர் வகுக்கும் தரத்துக்கு உட்பட்டே கத்தரிக்காய் விளைவிக்க வேண்டும். இதை எண்ணி எனக்கு உறக்கம் இல்லை.

உமது தமக்கையிடம் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. எழுந்து வந்து, நான் உணவருந்தும் நாற்காலியை மேசையிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டாள்.

"இது என்ன?"

"நடுவுல வெறும் நிலம் விடணும்னு நீங்கதானே சொன்னீங்க. எங்கிட்டேர்ந்து பாசம் கீசம் காத்துல வந்து பட்டுடப் போகுது."

அன்றுமுதல் தட்டை மடியில் வைத்தே உண்கிறேன். கறி வேண்டுமென்றால் எழுந்து நடந்து போக வேண்டும். நடுநிலைமை முழங்காலை இவ்வளவு வலிக்கச் செய்யும் என்று நான் ஓதிய எந்நூலும் உரைக்கவில்லை. இருந்தும் சொன்ன சொல்லை மீட்கலாகாது என்பதால், நீரே என்னைப் பொறுத்தருள வேண்டும்.

உமது நிலம் செழிக்க, நீரும் இல்லாளும் மக்களும் நீடு வாழ, இந்தச் சுவரோரத்திலிருந்தே வாழ்த்தும்,

உமது அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் நிகழ்ந்தது. நன்றி சொல்ல மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உமது தமக்கை, "உள்ள வா தம்பி, வாடையெல்லாம் எங்களுக்கு ஒண்ணும் பண்ணாது" என்று அழைத்து, மேசையருகே அமர்த்தி, சோறிட்டாள். அவர் கண் கலங்கிவிட்டது. "தரம் கிரம் எனக்கு என்னக்கா தெரியும்? குழுன்னா மாசம் ஒரு தடவை நாலு பேரோட உக்காந்து பேசலாமேன்னுதான் எழுதிப் போட்டேன்" என்றார். அவள் சுவரோரம் திரும்பி, "கேட்டீங்களா, அக்காங்கறாரு. இவரும் உங்களுக்கு மச்சான் ஆயிட்டாரு. இப்ப உங்க விதி என்ன சொல்லுது?" என்றாள்.

விதி, எல்லா வயல்களுக்கும் பக்கத்து வயல் நானே, விலக வேண்டியதும் நானே என்று சொல்லிற்று. அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து விலகிக்கொண்டேன். "அப்ப அந்த விதியையும் உங்களோடயே எடுத்துட்டுப் போயிடுங்க ஐயா" என்றார். அவர் குரலில் வருத்தம் தென்படவில்லை. பழைய மதிப்பெண்ணே நிற்குமாம். உறுப்பினர் நீர்தான். எனவே மேலே உள்ள கடிதத்தைப் படிக்க வேண்டாம். புதிய மைத்துனர் இனி ஞாயிறுதோறும் சாப்பிட வருவார்.

நாற்காலியை மேசைக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "மருந்து பட்ட நிலம் சுத்தமாக மூணு வருஷம் ஆகும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறது. உட்பொருள் ஏதும் தென்படவில்லை.